அயல்நாட்டு மருமகளும் நம் ஊர் வாயிலும்

வெளிநாட்டவரை மணந்து, அவரைத் தன் சொந்த ஊருக்கு அழைத்து வந்து வாழ்வது என்பது ஒரு காலத்தில் அரண்மனைகளிலும் தூதரகங்களிலும் மட்டுமே நடந்த செய்தி. இன்று அப்படியில்லை. காஞ்சிபுரம், வாலாஜாபாத், தென்னேரி பக்கத்து ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், அங்கே பல நாட்டவரோடு ஒரே கூரையின்கீழ் வேலை செய்கிறார்கள். துபாய் புனித மரியா ஆலயம் போன்ற இடங்களில் ஒரே நாளில் தமிழிலும் பிலிப்பீன்சு மக்களின் மொழியிலும் திருப்பலி நடக்கிறது. ஒரே விசுவாசம், ஒரே ஜெபமாலை. இரு இளையோர் சந்தித்து, வாழ்நாள் முழுவதும் சேர்ந்து வாழ முடிவு செய்வதில் வியப்பில்லை. வியப்பும் கலக்கமும் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. "ஊருக்கே கூட்டிட்டு வந்துடறேன் அம்மா" என்று மகன் தொலைபேசியில் சொல்லும்போது வீடே ஒரு நிமிடம் அமைதியாகிவிடுகிறது.

பெற்றோரின் முதல் கவலை பெரும்பாலும் மொழியும் சாப்பாடும்தான். அந்தப் பெண் புளிக்குழம்பு சாப்பிடுவாளா, சொந்தக்காரர் வந்தால் என்ன பேசுவாள் என்பவை. இவை உண்மையான கவலைகளே. ஆனால் இவை நாளடைவில் தாமாகச் சரியாகிவிடக்கூடியவை. தாமாக ஒருபோதும் சரியாகாத ஒன்று உண்டு. நம்மை நம்பி நாடு விட்டு வந்தவருக்கு இந்த மண்ணில் என்ன நிலை, எந்த உரிமையில் அவர் இங்கே நிற்கிறார் என்பதே அது. அதை யாராவது முயன்று செய்து தரவேண்டும். செய்யவேண்டியவர் அழைத்து வந்தவரும் அவருடைய குடும்பத்தாரும்தான் என்பது நமது எண்ணம்.

விவிலியத்தில் ரூத்தின் கதையை நாம் மாமியார் - மருமகள் அன்பின் கதையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். அதில் நாம் எளிதாகத் தாண்டிப் போய்விடும் ஒரு பகுதி, நான்காம் அதிகாரத்தில் உள்ளது. மோவாபு நாட்டுப் பெண்ணான ரூத்து, கணவனை இழந்து, நகோமியோடு பெத்லகேம் வந்து சேருகிறார். ஊர் அவரை "மோவாபியப் பெண்" என்றே அழைக்கிறது. போவாசு அவர்மேல் இரக்கம் காட்டுகிறார், கதிர் பொறுக்க விடுகிறார், உணவு தருகிறார். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. ஊர் வாயிலுக்குப் போய், பெரியோர் பத்துப் பேரை உட்காரவைத்து, உரிமை யாருக்கு என்பதைப் பேசி, மிதியடியைக் கழற்றிக் கொடுக்கும் அன்றைய வழக்கப்படி காரியத்தைச் சாட்சிகள் முன் முடிக்கிறார். இன்றைய சொல்லில் சொன்னால், அவர் பதிவு அலுவலகத்துக்குப் போய்வந்தார். அன்பு வயலில் பிறந்தது. அயல்நாட்டுப் பெண்ணுக்கு ஊரில் நிலை கிடைத்தது வாயிலில்தான்.

அந்த வாயில் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1915ம் ஆண்டு ஆகஸ்ட் 10ம் தேதி, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். மணமகளைப் புதுக்கோட்டைக்கே அழைத்தும் வந்தார். அவர் மன்னர், பணம், அரண்மனை, ஆள், அம்பு எதற்கும் குறைவில்லை. ஆனால் ஆங்கிலேய அரசு அந்தப் பெண்ணை அரசியாக ஏற்க மறுத்துவிட்டது. அரசு மதிக்காத ஒருவரை அரண்மனை வட்டாரமும் எவ்வளவு காலம் மதிக்கும்? மோலி கருவுற்றிருந்த வேளையில் நோயுற்றார். அரளி நஞ்சு கொடுக்கப்பட்டதாக அப்போது ஐயம் எழுந்தது. சில மாதங்களிலேயே, 1916ல், இருவரும் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுவிட்டனர். அந்த ஆண்டு சிட்னியில் பிறந்த மகனும் வாரிசாக ஏற்கப்படவில்லை. மன்னர் 1928ல் பாரிசில் இறந்தார்; அவரது உடல் புதுக்கோட்டைக்கு வராமல் இலண்டனில் எரியூட்டப்பட்டது. அரியணை உறவினரான ஒரு சிறுவருக்குப் போனது. கணவன் மனைவிக்குள் அன்பு குறைந்ததாக எங்கும் செய்தி இல்லை. அன்பு இருந்தது, நிலை இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. பிற்காலத்தில் நம் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன், இளம் அதிகாரியாக பர்மாவின் இரங்கூனில் பணியாற்றியபோது தின் தின் என்ற பெண்ணைச் சந்தித்தார். இந்திய வெளியுறவுப் பணியில் இருப்பவர் வெளிநாட்டவரை மணக்க அன்றைய விதி இடம் தரவில்லை. பிரதமர் நேருவின் தனி அனுமதி பெற்றே 1951ல் டில்லியில் அவர்கள் திருமணம் நடந்தது. உஷா என்ற பெயரை ஏற்ற அவர் இந்தியக் குடியுரிமை பெற்றார், இங்கே சமூகப் பணி செய்தார், 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவரின் துணைவியாக இந்த நாட்டின் முதல் பெண்மணியாக விளங்கினார். இங்கே திருமணத்துக்கு முன்பே வாயில் திறக்கப்பட்டுவிட்டது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வேறுபாடு.

நம் பகுதியில் வெளிநாட்டவர் இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் தொழிற்சாலை 1998ல் உற்பத்தியைத் தொடங்கிய காலத்திலிருந்து கொரியர்களை ஸ்ரீபெரும்புதூர் சாலையில் பார்த்துவருகிறோம். ஒரகடம் வளர்ந்தபின் இன்னும் பல நாட்டவர் வந்தார்கள். ஆனால் நிறுவனத்தின் பெயரில் வருகிறவருக்கு விசா எடுக்கவும், முகவரி பதியவும், காலாவதித் தேதியை நினைவூட்டவும் ஒரு அலுவலகமே இருக்கிறது. மணமகளாக வருகிறவருக்கு இருப்பது கணவர் ஒருவர்தான். அவர் மறந்துபோனால், தவறு அவருடையது, தண்டனை மனைவிக்கு. எனவே செய்யவேண்டியவை என்னவென்று சற்று விரிவாகவே பார்ப்போம்.

திருச்சபை சார்ந்தவை நம் பங்கு மக்களுக்குத் தெரிந்தவையே. மணமகளின் நாட்டிலிருந்து புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்று, திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்று, இரு பங்குகளிலும் ஓலை வாசித்தல், மணமகள் வேறு சபையையோ வேறு சமயத்தையோ சேர்ந்தவரானால் ஆயரின் அனுமதி அல்லது விதிவிலக்கு. இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், விமானச் சீட்டு எடுத்தபின் பங்குத்தந்தையிடம் வருவது நல்லதல்ல.

திருமணம் பிலிப்பீன்சில் நடப்பதானால், வெளிநாட்டு மணமகன் தான் திருமணம் செய்யச் சட்டப்படி தகுதியுள்ளவர் என்ற சான்றைத் தன் தூதரகத்திலிருந்து பெற்றுத் தரவேண்டும். உரிமம் கேட்ட விண்ணப்பம் பத்து நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஒரு வகையில் அதுவும் ஓலைதான். மணந்தபின், வெளிநாட்டவரின் மனைவியாக நாட்டை விட்டுப் புறப்படும் பெண், அந்நாட்டு அரசு நடத்தும் ஆலோசனை வகுப்பில் கலந்து சான்று பெறவேண்டும். அது இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். இதைத் தொல்லை என்று நம்மவர்கள் முணுமுணுப்பதுண்டு. தன் மகள் எங்கே போகிறாள், யாரோடு போகிறாள், ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவாள் என்று ஒரு நாடு கேட்பது நல்ல காரியம் என்றே நாம் நினைக்கிறோம்.

திருமணம் இங்கே ஆலயத்தில் நடந்தால் அது 1872ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் வரும். ஆலயப் பதிவேட்டில் கையொப்பம் இட்டதோடு வேலை முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். 2009ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்தச் சமயத்தவரின் திருமணமானாலும் 90 நாள்களுக்குள் அரசிடம் பதிய வேண்டும். உள்ளூர்த் திருமணங்களில் இதைத் தள்ளிப்போட்டால் பெரிய பாதிப்பு உடனே தெரியாது. வெளிநாட்டு மணமகள் விடயத்தில் பின்னால் வரும் எல்லாமே இந்தப் பதிவின்மேல்தான் கட்டப்படுகின்றன. வெளிநாட்டில் நடந்த திருமணமானால் அந்நாட்டு அரசுச் சான்றில் அப்போஸ்டில் என்னும் முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டு ஆவணத்தை மற்றொரு நாடு அப்படியே ஏற்க வழிசெய்யும் முத்திரை அது. இந்த உடன்படிக்கை இந்தியாவில் 2005ல் இருந்தும் பிலிப்பீன்சில் 2019ல் இருந்தும் நடைமுறையில் உள்ளது.

அடுத்தது விசா. இந்தியரை மணந்தவர் இங்கே வாழ்வதற்கென எக்ஸ் என்ற எழுத்தால் குறிக்கப்படும் நுழைவு விசா உண்டு. சுற்றுலா விசாவில் அழைத்து வந்து அப்படியே இருத்திவிடலாம் என்ற யோசனை வேண்டாம். நீண்டகால விசாவில் வருகிறவர், வந்த 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018 முதல் பெரும்பாலான வேலைகளை இணையவழியே முடிக்கலாம். வெளிநாட்டவரைத் தன் வீட்டில் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்கவேண்டும் என்ற கடமை விடுதிகளுக்கு மட்டுமல்ல, வீடுகளுக்கும் உண்டு. 1946ம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டமும் அதைச் சார்ந்த பழைய சட்டங்களும் நீங்கி, 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்ற ஒரே சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே பத்தாண்டுகளுக்கு முன் மணந்த உறவினர் சொல்லும் வழியை மட்டும் நம்பாமல், இன்றைய விதியைக் கேட்டறிய வேண்டும்.

திருமணம் பதிவாகி, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்தபின், இந்தியக் குடிமகனின் வெளிநாட்டுத் துணைவர் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்பு விசாரணை நடக்கும். பாகிஸ்தான், வங்காளதேசக் குடிவழியினருக்கு இது கிடையாது. கிடைத்துவிட்டால் வாழ்நாள் விசா, பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், வேலைக்குப் போகலாம். ஆனால் வாக்குரிமை இல்லை, அரசு வேலை இல்லை, விளைநிலமும் பண்ணை வீடும் வாங்க அட்டை உரிமை தருவதில்லை. மறைபரப்புப் பணியும் பத்திரிகைப் பணியும் செய்யத் தனி அனுமதி வேண்டும் என்பதை நம் வாசகர்கள் குறிப்பாக அறிந்துகொள்வது நல்லது. ஏழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தபின் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே அன்று அவர் பிறந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டியிருக்கும். வயதான பெற்றோர் அங்கே இருக்கும்போது, தாய்வீட்டுக்குப் போகவே விசா கேட்கவேண்டிய நிலை வரலாம். அந்த முடிவை அவர் தானே எடுக்கட்டும். குடும்பம் நெருக்கக் கூடாது.

ஒரு கசப்பான செய்தியையும் சொல்லவேண்டும். இந்த உரிமைகள் எல்லாம் திருமணம் என்ற ஒரே ஆணியில் தொங்குகின்றன. மணமுறிவு ஏற்பட்டால் துணைவராகப் பெற்ற ஓ.சி.ஐ. அட்டையை அரசு ரத்து செய்யலாம். அதாவது, வீட்டில் ஒரு சண்டை முற்றினால் நம் மருமகளுக்கு வீடு மட்டுமல்ல, நாடும் போய்விடக்கூடும். இதை அறிந்தே சில கணவர்கள் மனைவியின் கடவுச்சீட்டைத் தங்கள் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். பாதுகாப்புக்காக என்று சொல்வார்கள். கடவுச்சீட்டு அதன் உரியவரிடமே இருக்கவேண்டும். அதுபோலவே, ஓராண்டில் 182 நாள் இங்கே தங்கிய வெளிநாட்டவரும் ஆதார் பெறலாம். அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அவர் கையில் அவருடைய நாட்டுத் தூதரகத்தின் தொலைபேசி எண், தனியே பேருந்து ஏறிப் போய்வரத் தெரிந்த வழி ஆகியவற்றை முதல் ஆண்டிலேயே செய்து கொடுத்துவிடலாம். தன் காலில் நிற்கத் தெரிந்தவர் நம்மோடு இருப்பது அன்பினால்தான் என்ற நிம்மதி குடும்பத்துக்கும் கிடைக்கும்.

இனி வீட்டுக்குள் வருவோம். மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்திருந்ததற்காக முதலில் முணுமுணுத்தவர்கள் அவருடைய சொந்த அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும்தான் என்று எண்ணிக்கை நூல் சொல்கிறது. வெளியார் அல்ல, வீட்டார். நம் வீடுகளிலும் அப்படித்தான். "நிறம் பார்த்தியா", "மூக்கு பார்த்தியா" என்று அவர் எதிரிலேயே தமிழில் பேசிவிட்டு, அவருக்குப் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆறு மாதத்தில் புரிந்துவிடும். சொன்னவர் மறந்திருப்பார், கேட்டவர் மறக்கமாட்டார்.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்பதை இப்பகுதி நெசவாளர் குடும்பங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் ஒன்றை ஒன்று கவ்விப் பிடிக்கும்படி, ஒவ்வோர் ஓட்டத்திலும் நாடா மாற்றிப் போடவேண்டும். அதற்குத் தறியில் துணைக்கு இன்னொருவரும் உட்கார வேண்டும். ஒரே நிறப் புடவையைவிட நேரம் அதிகம் பிடிக்கும். மாமியார் இரண்டு ஆங்கிலச் சொல்லும் மருமகள் பத்துத் தமிழ்ச் சொல்லும் கற்பது அந்த மாதிரி வேலை. மருமகள் மட்டும் மாறவேண்டும், வீடு மாறாது என்றால் இழை பிடிக்காது. வாரத்தில் ஒருநாள் அவருடைய நாட்டுச் சமையலை அவர் செய்ய அடுப்பை விட்டுக்கொடுப்பதும், கிறிஸ்துமசுக்கு முன் ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலிக்குப் போகும் பிலிப்பீன்சு வழக்கத்தைப் பற்றி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் சிறு காரியங்களே. பங்கில் உள்ள மரியாயின் சேனை சகோதரிகள் இருவர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பேசிவந்தால், கணவர் மீண்டும் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்ட மாதங்களில் அது அவருக்கு எவ்வளவு பெரிய துணை!

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளை வளைகுடாவில் பிறந்தால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். தாயின் நாட்டுக் குடியுரிமையும் அப்பிள்ளைக்கு இருந்தால், 18 வயது நிறைந்த ஆறு மாதங்களுக்குள் அதை விடவேண்டும், இல்லையெனில் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

இதுவரை மருமகளைப் பற்றியே பேசினோம். வெளிநாட்டு மருமகன்களின் நிலை இன்னும் பின்தங்கியே இருந்தது. 1955ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்தியரை மணந்த பெண்களுக்கு மட்டுமே பதிவு வழியில் குடியுரிமை தந்தது. நம் மகள்கள் மணந்த ஆண்களுக்கும் அந்த வழி திறந்தது 1986ல் தான். சட்டத்தில் திறந்தாலும் நடைமுறையில் இன்னும் திறக்காத ஒரு கதவு நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1983 முதல் படகேறி வந்த இலங்கைத் தமிழர்கள், இன்று மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் நம் விசுவாசம் உடையவர்கள், நம் மொழி பேசுபவர்கள். நம் பெண்கள் சிலர் அவர்களை மணந்திருக்கிறார்கள். மொழி, சாப்பாடு, நிறம் எதிலும் இங்கே சிக்கல் இல்லை. சிக்கல் தாளில் மட்டும்தான். கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வந்தவர் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி. அவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் மணவழியில் குடியுரிமை கேட்க முடியாது. 2015 ஜனவரி 9ம் தேதி வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025ல் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது நல்ல செய்தியே. ஆனால் அது குடியுரிமை அன்று.

அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு தேதி இருக்கிறது: 2004 டிசம்பர் 3. அதற்குமுன் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப்பின் பிறந்த பிள்ளைக்கு, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்கவேண்டும். தாய் இந்தியர், பிறந்தது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை, படித்தது தமிழ்நாட்டுப் பள்ளி. ஆனாலும் பிறப்பால் அவர் இந்தியர் ஆகவில்லை. அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் இப்போது 20 வயதைக் கடந்துவிட்டார்கள். கல்லூரி முடித்து, வேலைக்காகக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பும்போது அவர்கள் பேனா நின்றுவிடுகிறது.